நுண்துகளும் நுரையீரலும்

பக்கத்திற்கு 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரக் கட்டியை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களின் பரப்பையும் கூட்டினால் 6 சதுர சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு தபால் தலையளவு. அக்கட்டியை 1 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாக நறுக்க முடியுமானால், அவற்றின் முகங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் நிலமாக விரியும்! எடையோ இம்மியும் கூடுவதில்லை.

நானோ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கு உட்பட்டவற்றை நானோத் துகள்கள் என்கிறோம். பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவது மேற்பரப்பில்தான். ஆகவே பரப்புப் பெருகினால் வீரியமும் பெருகும். நாற்றம் போக்குவதற்கெனக் காலுறைகளில் வெள்ளித் துகள்களை ஏற்றுகிறார்கள். காலுறைக்கு வெள்ளி வேண்டுமா என்பது என் ஐயம். துவைக்கும்போது அதில் ஒரு பகுதி நீரோடு போய்விடுகிறது. சாக்கடையில் கந்தகத்தோடு கூடி அதன் வீரியம் பெரிதும் அடங்குவது நமது நல்வினையே.

கரிக்குழாய்களின் செய்தி வேறு. 1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ ஈஜிமா இவற்றை விளக்கிய பின்னர் உலகம் இவற்றின்பால் திரும்பியது. எஃகினும் வலியவை, மின்கலங்களிலும் பயன்படுகின்றன. ஆயினும் இவற்றின் ஊசி போன்ற வடிவம் ஒரு பழைய பகையை நினைவூட்டியது. அதுதான் கல்நார்.

நுரையீரலில் புகும் தூசியை விழுங்கி அகற்றும் உயிரணுக்கள் நம்மிடம் உண்டு. தம்மினும் நீண்ட, வளையாத இழையை அவை எங்ஙனம் விழுங்கும்? பாதி விழுங்கித் திணறித் தம்முள் இருக்கும் காரமான நீரை வெளியே சிந்துகின்றன. சுற்றியுள்ள திசு அழற்சி கொள்கிறது. இழையோ அங்கேயே கிடக்கிறது. கல்நார்த் தொழிலாளர் பலருக்கு 20, 40 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றியதற்கு இவ்வழற்சியும் ஒரு காரணம்.

2008-இல் எடின்பரோ விஞ்ஞானிகள் கரிக்குழாய்களைச் சுண்டெலிகளின் வயிற்றுக் குழியில் செலுத்திப் பார்த்தனர். நீண்டு நிமிர்ந்தவை கல்நாரைப் போன்றே அழற்சியை விளைத்தன. குட்டையாய்ச் சுருண்டவை அவ்வாறு செய்யவில்லை. பென்சிலில் உள்ள கரிதானே என்று எண்ணியவர்க்கு இது அதிர்ச்சி. 2014-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒருவகைக் கரிக்குழாயை மட்டும், புற்றுநோய் விளைக்கக் கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. ஏனையவற்றிற்குச் சான்று போதாது என்றது.

பிசினில் இறுகிய குழாயால் டென்னிஸ் மட்டை பிடிப்பவருக்கு அச்சம் சிறிதே. உலர்ந்த தூளைக் கலத்தில் கொட்டும் தொழிலாளிக்கே இடர். அவர் சுவாசிக்கும் காற்றில், கனமீட்டருக்குச் சராசரி ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. அது சட்டமன்று, பரிந்துரையே.

கல்நார் நெய்த தொழிலாளி ஒருவர் நுரையீரல் கெட்டு இறந்ததை 1906-இல் மாண்டேகு மரே என்னும் இலண்டன் மருத்துவர் அரசாங்கக் குழுவின் முன் எடுத்துரைத்தார். பிரிட்டனில் எல்லாவகைக் கல்நாரும் தடை செய்யப்பட்ட ஆண்டு 1999.