'கூட்டுச் செழிப்பு' எனும் முழக்கமும் சயாம் மரண ரயில்பாதையும்

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை நடத்தும்போது மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது: "ஆசியா ஆசியருக்கேன்னு சொன்னவங்க, ஏன் சார் ஆசியர்களையே சாகடிச்சாங்க?" பதில் சொல்ல ஒரு வழி உண்டு. தலைவர்களின் பேச்சையும் தோட்டங்களில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கைப் பேச்சு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதல்ல. சிங்கப்பூர் வீழ்த்த முடியாத கோட்டை என்று பிரிட்டிஷார் சொல்லி வந்தார்கள். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. ஏறக்குறைய 70 நாள்தான்! புதிய ஆட்சியாளர்கள் அதற்கு 'தெற்கின் ஒளி' என்று பொருள்படும் சியோனான் என்ற பெயரைச் சூட்டி, 'மகா கிழக்காசியக் கூட்டுச் செழிப்பு' பற்றிப் பேசினார்கள்.

தோட்டத்தில் நிலைமை வேறு. ரப்பர் விற்பனை படுத்துவிட்டது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. அப்போதுதான் சயாமில் ரயில்பாதை வேலை என்றார்கள்: நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, மருத்துவம், மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம். சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததால் மற்றவர்கள் தயங்கினார்கள். பிறகு ஆள்பிடிப்பு தொடங்கியது. இலவசப் படம் காட்டுவதாகக் கூப்பிட்டு, கூடியவர்களை அப்படியே ஏற்றிச் சென்றதும் உண்டு.

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1943 மழைக்காலத்தில் வேலையை விரைவுபடுத்தினார்கள், காலராவும் பரவியது. சுமார் 60,000 போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியர் எனப் பலரும் அடங்கிய ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 200,000 பேர். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

கைதிகளின் கணக்கு ஓரளவு துல்லியமாக இருக்கிறது. தொழிலாளர் கணக்கு வெறும் மதிப்பீடு. ஏன் தெரியுமா? கைதிகளிடம் பட்டியல் எழுத அதிகாரிகள் இருந்தார்கள், கூடவே ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை.

1943 அக்டோபர் 17-இல் தண்டவாளத்தின் இரு பக்கங்களும் இணைந்தன. மூன்று வாரத்துக்குள், நவம்பர் 5, 6-இல், பிரதமர் தோஜோ தலைமையில் தோக்கியோவில் மகா கிழக்காசிய மாநாடு கூடியது. நீதி, கூட்டுச் செழிப்பு, இனப் பாகுபாடு ஒழிப்பு என்றெல்லாம் அறிக்கை வந்தது. பாதை ஓடிய தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அங்கே இருக்கை இருந்தது. மலாயாவுக்கு இல்லை. மலாயாவைத் தன் நிலப்பகுதியாகவே வைத்துக்கொள்ள ஜப்பான் அதே ஆண்டு மே மாதம் முடிவெடுத்து, அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது நம்மிடம் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு. 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'நாங்கள்' விட்டுவிடும். எந்த நாட்டுத் தலைவரின் போர்க்காலப் பேச்சையும் எடுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள்:

1. வெற்றி யாருக்கு? அங்கே 'நாம்' பொருந்துமா, 'நாங்கள்' பொருந்துமா?
2. உழைப்பும் உயிரும் யார் கொடுப்பது?
3. இறந்தவர்களைக் கணக்கெடுத்தது யார்?

முழக்கத்தில் 'நாம்' என்று எழுதிய மாணவர், ரயில்பாதைக் கணக்கைப் பார்த்ததும் தானாகவே திருத்துவார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது இன்றைய ஜப்பானியர்மீது வெறுப்பை வளர்க்கும் பாடமாகிவிடக் கூடாது. கோட்டைப் பேச்சையும் சேர்த்தே நடத்துங்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். "தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு, திரும்பல" என்ற ஒரு வரிதான் கிடைக்கலாம். அந்தப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்துவையுங்கள். அவருக்கு வேறு எங்கும் பதிவு இல்லாமல் இருக்கலாம்.