புழுதிப் புயல்: முடிச்சு மேலே இருக்கிறது

வட இந்தியாவின் கோடைப் புயல்களுக்கு மண்ணைக் கொடுப்பது பாலைவனம். அவை எந்த நாளில் சீறும் என்பதைத் தீர்மானிப்பதோ மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று.

2018 மே 2 இரவு ராஜஸ்தானின் அல்வர், பரத்பூர், தோல்பூர் மாவட்டங்களையும் உத்தரப் பிரதேசத்தின் ஆக்ராவையும் புழுதிப் புயல் தாக்கியது. மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்தன, மரங்கள் வேரோடு பெயர்ந்தன. இரு மாநிலங்களிலும் 100 பேருக்கு மேல் பலியானார்கள். மிக மோசமாக அடிபட்டது ஆக்ரா மாவட்டத்தின் கெராகர் பகுதி. இறந்தவர்களில் பலர் தூக்கத்திலேயே இடிந்த சுவர்களுக்கும் கூரைகளுக்கும் அடியில் சிக்கியவர்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு, ஏப்ரல் 11-ல், வேறொரு புயல் தாஜ் மகாலின் நுழைவாயில் ஸ்தூபியையே சாய்த்திருந்தது.

வட இந்தியர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆந்தி'. ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிற்பகலிலோ மாலையிலோ அடிவானத்தில் பழுப்புச் சுவர் ஒன்று எழும். சில நிமிடங்களில் பகல் இரவாகும். எல்லோரும் தார் பாலைவனத்தைக் குற்றம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பாலைவனம் வருடம் முழுவதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மே மாதத்தில் அநேகமாகத் தினமும் அந்த மண் கொதிக்கிறது. ஆனால் ஆந்தி தினமும் வருவதில்லை.

காரணத்தைத் தேட அண்ணாந்து பார்க்க வேண்டும். சுமார் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற அதிவேக ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இமயமலைக்குத் தெற்கே இருக்கும். பருவமழை நெருங்கும்போது மலையைத் தாண்டி வடக்கே போய்விடும். மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகும் காற்றுச் சுழல்கள் இந்த ஆற்றில் மிதந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வருகின்றன. வானிலையாளர்கள் இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். குளிர்காலத்தில் இவை காஷ்மீருக்குப் பனியையும் பஞ்சாப் கோதுமைக்கு மழையையும் கொண்டுவரும் உபகாரிகள். கோடையில் வந்தால் கதை வேறு.

2018 மே முதல் வாரத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது வெப்பம். தாருக்கு அப்பால் பாகிஸ்தானின் நவாப்ஷாவில் ஏப்ரல் 30 அன்று 50.2 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருந்தது. இரண்டாவது, வங்கக் கடலிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக வந்த ஈரக் காற்று. மூன்றாவது, மேலே கடந்துசென்ற மேற்கத்திய இடையூறு. கீழே சூடும் ஈரமும், மேலே குளிர்ச்சியும் இருந்தால் காற்று செங்குத்தாக எழுந்து, ராட்சத இடிமேகம் ஆகும்.

அந்த மேகத்திலிருந்து விழும் மழை தரையை எட்டுவதில்லை, எட்டினாலும் சொற்பம்தான். கீழே உள்ள வறண்ட காற்றில் துளிகள் ஆவியாகின்றன. ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனமாகிறது, தரையை நோக்கிப் பாய்கிறது, மோதி நாலாபுறமும் சிதறுகிறது. காய்ந்த மண்ணை வாரிச் சுருட்டிக்கொண்டு வருவது இந்தக் குளிர்காற்றுதான். பி.வி. ஜோசப்பும் இரு சக விஞ்ஞானிகளும் 1980-ல் 'மௌசம்' இதழில் ஆந்தியை இடிமேகத்தின் பிள்ளை என்று தெளிவாக விளக்கினார்கள். சூடானின் 'ஹபூப்' இதன் உடன்பிறப்பு.

இன்னொரு வகைப் புழுதிக்கு இடிமேகமே தேவையில்லை. அதே 2018 ஜூனில் டில்லி பல நாட்கள் புழுதிப் போர்வைக்குள் மூச்சுத்திணறியது. ராஜஸ்தான் பக்கமிருந்து இடைவிடாமல் வீசிய மேற்குக் காற்றின் கைவரிசை அது. கட்டுமானப் பணிகளைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது.

போக்கு எப்படி மாறுகிறது? 2000 முதல் 2015 வரை தெற்காசியாவில் பருவமழைக்கு முந்தைய புழுதி குறைந்து வந்ததாக 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோடை மழை கூடியதும் காற்றின் வேகம் தணிந்ததும் காரணங்கள். நிம்மதி அடைய வேண்டியதுதான். ஆனால் 2024-ல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு வேறொரு கவலையைக் கிளப்பியது. ஜெட் காற்றோட்டம் வடக்கே நகர்வது தாமதமாகிறது. ஜூன் மாதத்தில் வரும் மேற்கத்திய இடையூறுகள், முந்தைய 50 ஆண்டுகளோடு ஒப்பிட்டால் கடைசி 20 ஆண்டுகளில் இரண்டு மடங்காகிவிட்டன. குளிர்கால விருந்தாளி கொதிக்கும் நிலத்தின் மேல் வந்து நிற்கும் நாட்கள் கூடுகின்றன என்று அர்த்தம். மொத்தப் புழுதி குறைந்தாலும், ஒற்றை இரவின் சீற்றம் குறையும் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. மேற்கத்திய இடையூறு சொல்லாமல் வருவதில்லை. ஈரானைத் தாண்டும்போதே செயற்கைக்கோள் படங்களில் தெரிந்துவிடும். எந்த மாநிலத்துக்கு எந்த நாள் ஆபத்து என்று சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். ஆனால் இடிமேகம் எந்தக் கிராமத்தின் மேல் வெடிக்கும் என்பது கடைசி மூன்று மணி நேரத்தில்தான், அதுவும் ராடாரில்தான் தெரியும். அதற்குள் மின்சாரம் போயிருக்கும், ஊர் தூங்கியிருக்கும்.

ஆகவே கடைசி நேரத் தகவலை மட்டும் நம்பிப் பயனில்லை. மூன்று நாள் முன்னறிவிப்பு கிடைத்ததுமே, அன்றிரவு பழைய மண் சுவர் ஓரத்திலும் மரத்தடியிலும் படுக்காதீர்கள் என்று கிராமம் கிராமமாகச் சொல்ல ஆள் வேண்டும். காற்றை நிறுத்த யாராலும் முடியாது. கெராகரில் உயிர்களைக் குடித்ததில் சுவர்களுக்கும் பங்கு உண்டு.