பொங்கல் பானையும் பிஹு பிட்டாவும்: விதை நெல்லைக் காப்பது எது?

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து எங்கள் திருமுக்கூடலுக்கு வருவார். இதைப் பாரிவேட்டை உற்சவம் என்போம். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் இந்தப் பகுதியில் அப்போது ஒரு பக்கம் சம்பா அறுவடை நடக்கும். இன்னொரு பக்கம் நவரைக்கு நாற்றங்கால் தயாராகும்.

அதே வாரத்தில் அசாமில் பிரம்மபுத்திரா கரை விவசாயிகள் 'போகாலி பிஹு' கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கும் அது புது நெல் வீட்டுக்கு வந்த திருநாள்தான். ஆனால் அடுப்பில் ஏறுவது வேறு.

நம் வீட்டில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், பால் சேர்த்துப் புதுப்பானையில் பொங்கல் வைக்கிறோம். கூடவே மொச்சை, பரங்கி, அவரை, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட பல காய்க் குழம்பு. அங்கே 'உருகா' என்னும் முதல் நாள் இரவு ஊரே கூடி மீனும் சோறுமாக விருந்து. மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய 'மேஜி'யை விடியலில் கொளுத்துவார்கள், நம் போகி போல. பிறகு அவல், பொரி, தயிர், வெல்லம். முக்கியப் பலகாரம் எள் பிட்டா. 'போரா' அரிசியை ஊறவைத்துக் கால் உலக்கையில் இடித்து, ஈரமாவைச் சூடான கல்லில் தூவி, கறுப்பு எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டுவார்கள். எண்ணெய் கிடையாது.

எல்லா அரிசியிலும் இது வராது. காரணம் மாவுச்சத்து. அரிசியில் அமைலோஸ் குறைந்தால் பசைத்தன்மை கூடும். போரா ரகங்களில் அமைலோஸ் மிக மிகக் குறைவு. நாம் சோற்றுக்குப் பயிரிடும் ரகங்களில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்த மாவைத் தூவினால் ஒட்டாமல் உதிரும். தண்ணீரில் ஊறவைத்தாலே சோறாகிவிடும் மென்மையான அரிசியும் அசாமில் உண்டு. அவற்றில் 'போகா சாவுல்' 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது.

பிட்டா வேண்டுமென்றால் போரா நெல் வேண்டும். அதற்காகவே கொஞ்சம் நிலத்திலாவது அதை விதைக்கிறார்கள். நம் பொங்கலுக்கோ எந்தப் பச்சரிசியும் போதும். அதனால் விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, கடை அரிசியிலோ ரேஷன் அரிசியிலோ பொங்கல் வைக்கிறோம். நெல் விளைவித்த வீட்டிலேயே சொந்த நெல் பானைக்கு வருவதில்லை. பழைய ரகங்களின் விதை கைவிட்டுப் போக இதுவும் ஒரு காரணம். செட்டிநாட்டில் விசேஷங்களுக்குக் கவுனி அரிசி இனிப்பு வேண்டும் என்ற வழக்கம் இருப்பதால், அந்தக் கறுப்பு நெல்லுக்கு இன்றும் தேவை இருக்கிறது.

பொங்கலுக்கென்று கால் ஏக்கர் ஒதுக்கிப் பாருங்கள். சீரகச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா இவற்றில் உங்கள் மண்ணுக்கு ஏற்றதை ஆகஸ்ட்டில் விதைத்தால் பொங்கலையொட்டி அறுவடைக்கு வரும். ஒற்றை நாற்று முறைக்கு ஒரு கிலோ விதை தாராளம். பழைய ரகங்கள் சாயும். தழைச்சத்தை அளவோடு கொடுங்கள். விதைக்கு எடுக்கும் பகுதியைப் பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வையுங்கள். பூக்கும் முன்பே கலவன்களைப் பிடுங்குங்கள். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துச் சேமியுங்கள்.

"புது அரிசி குழைந்துவிடுகிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் ருசி. தினச் சோற்றுக்கு நெல்லாகவே நாலைந்து மாதம் வைத்திருந்து அரைத்தால் பதமாக வரும்.

இந்தப் பொங்கலுக்கு உங்கள் பானையில் வெந்தது எந்த ரகம்? யாருடைய வயலில் விளைந்தது? கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.