தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: வாரிசுகள் அறிய வேண்டியவை

பழைய பண்ணை வீடுகளிலும் ஜமீன் குடும்பங்களிலும் மலைத்தோட்ட பங்களாக்களிலும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமானதும் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறது. "அந்தக் காலத்துச் சாமான், இதை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் வழக்கும் வரலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். இரண்டையும் தவிர்க்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. பலர் இதைப் பாதி மட்டும் கேள்விப்பட்டு ஏமாறுகிறார்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், நூறு வயதானாலும் அது சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. துப்பாக்கி இல்லாமல் தோட்டாக்களை மட்டும் வைத்திருப்பதும் குற்றமே.

முதல் வேலை

துப்பாக்கி கண்ணில் பட்டவுடன் குதிரையை இழுத்துப் பார்ப்பதும் விசையை அழுத்திப் பார்ப்பதும் கூடாது. குழலுக்குள் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நெருங்காதபடி அறையைப் பூட்டுங்கள். லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் டி.பி.பி.எல். என்று எழுதியிருந்தால், அது பின்புறம் மடக்கித் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கி. எஸ்.பி.எம்.எல். என்றிருந்தால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்பதை விவரம் தெரிந்தவர் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் நகல் ஆகியவற்றுடன் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தகவல் கொடுங்கள். துப்பாக்கியை நீங்களாகக் காரில் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களிடமே கேளுங்கள். சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ரசீதில் தயாரிப்பாளர் பெயர், எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும்.

வாரிசுக்கு என்ன உரிமை?

ஒப்படைத்தால் பொருள் போய்விடும் என்ற பயம் வேண்டாம். உங்கள் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம். முறைப்படி விற்கவும் செய்யலாம். ஆனால் விதித்த காலத்துக்குள் எதையும் செய்யாமல் விட்டால் அரசு பறிமுதல் செய்யலாம். வாரிசு உரிமத்துக்கு 2016 ஆயுத விதிகள் வழி செய்கின்றன. மாவட்டத்தில் ஆட்சியரிடமும், மாநகரக் காவல் எல்லையில் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசு உரிமையாக வந்தாலும் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு.

உங்கள் வீடு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆயுதத்தை வனத்துறையிலும் பதிவுசெய்ய வேண்டும்.

குழலின் அடியில் எழுதிய சரித்திரம்

துப்பாக்கியை அடையாளம் காண்பதை உரிமம் பெற்ற கடையின் மெக்கானிக்கிடம் விடுங்கள். அவர் முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்து, பின்முனைக்கு அடியில் உள்ள தட்டையான பகுதியைப் பார்ப்பார். குழலின் உறுதியைச் சோதித்த சோதனைச்சாலையின் முத்திரைகள் அங்கேதான் இருக்கும். இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் என்று இரண்டு சோதனைச்சாலைகள். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகள் இருந்தால், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதிக்கப்பட்டது. மேலே என்ன பெயர் பொறித்திருந்தாலும் முத்திரைதான் நம்பகமான சாட்சி. பிரபல ஆங்கிலக் கம்பெனிகளின் பெயரை ஒட்டிய போலிகள் அந்தக் காலத்திலேயே ஏராளம்.

உயிரைக் காப்பதும் இதே முத்திரைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழல்கள் பலவும் கருமருந்துக்காகச் செய்தவை. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழலில், கோரைப்பாய்ப் பின்னல் போல வரிகள் ஓடும். பார்க்க அழகு, ஆனால் சுற்றுகளின் இணைப்புக்குள் துரு பிடித்திருந்தால் வெளியே தெரியாது. இன்றைய புகையற்ற மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் 'நைட்ரோ ப்ரூஃப்' முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் கைப்பக்கமே வெடிக்கக்கூடும். முத்திரை இருந்தாலும், பின்னாளில் குழலைத் தேய்த்து மெலிதாக்கியிருந்தால் அந்தச் சோதனை செல்லாது.

தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்கள் பல 70 மில்லிமீட்டர். நீளத் தோட்டாவும் உள்ளே போய்விடும், பூட்டும் மூடிக்கொள்ளும். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். அதனால்தான் 'ஒரு தடவை சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்ற யோசனை மகா ஆபத்து.

விலை பேசுமுன்

தயாரிப்பாளர், குழலின் கனம், மூடினால் ஆடாத பூட்டு, வெட்டிக் குறைக்காத குழல், மாற்றாத பழைய கட்டை ஆகியவையே விலையைத் தீர்மானிக்கின்றன. பளபளவென்று புதுச்சாயம் ஏற்றினால் மதிப்பு குறையும். ஆகவே எண்ணெய்த் துணியால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். 1980களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, நல்ல வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே கிராக்கி கூடியது. அதனால், "பழைய இரும்பு, ஏதோ கொடுக்கிறேன்" என்று வரும் தரகரை நம்பாதீர்கள். உரிமம் பெற்ற கடைக்கோ, உரிமம் உள்ளவருக்கோ மட்டுமே, உரிய அனுமதியுடன் விற்கலாம். உரிமம் வைத்திருப்பவர் இன்னொருவருக்கு விற்பதென்றால் 45 நாட்களுக்கு முன்பே ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் நலமாக இருக்கிறாரா? இன்னும் நல்லது. 70 வயது நிறைந்தாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவரே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு, அவருக்கு உரிமம் தரும்படி கேட்கலாம். அவர் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். புதுப்பிக்கும் தேதி தாண்டியிருந்தால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.