அட்டைக் காருக்கு முத்திரை கிடையாது

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீடுகளில் கத்தரிக்கோலும் பசையும் வெளியே வந்துவிடுகின்றன. பால் டின்னில் வண்டி, பழைய செருப்பை வெட்டிய சக்கரம், அட்டைப் பெட்டியில் பேருந்து. தோட்டப்புறத்தில் வளர்ந்த அப்பாக்களுக்கு இது கைவந்த வித்தை. பிள்ளையோடு சேர்ந்து பொம்மை செய்யும் நேரத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்றைய வண்டியில் மோட்டாரும் மின்விளக்கும் சேர்ந்துவிட்டன. அங்கேதான் கவனம் வேண்டும்.

கடையில் விற்கும் பொம்மைக்கு மலேசியாவில் ஒரு காவல் உண்டு. பொம்மைகளின் பாதுகாப்புத் தரத்துக்கான 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அதில் எம்.சி. முத்திரை இருக்க வேண்டும். 2023 தொடக்கத்தில் லாத்தோ-லாத்தோ பொம்மை மோகம் பரவியபோது, முத்திரையில்லாதவற்றை விற்கக்கூடாது என்று உள்நாட்டு வாணிப அமைச்சு எச்சரித்தது. வீட்டில் செய்த பொம்மையை எந்த அதிகாரியும் சோதிப்பதில்லை. அதற்குப் பெற்றோரே அதிகாரி.

நான் மிகவும் அஞ்சுவது பொத்தான் பேட்டரியை. இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய மெழுகுவர்த்தி விளக்கைப் பிரித்தால்கூட ஒன்று கிடைக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்தில் கடும் காரம் உண்டாகிறது. இரண்டே மணி நேரத்தில் தசை வெந்துவிடும். விளக்கை எரிய வைக்க முடியாத பழைய பேட்டரிக்கும் இதற்குப் போதிய சக்தி இருக்கும். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் என்று சாதாரணச் சளிபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள், அல்லது நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல், ஒரு வயது கடந்த பிள்ளையால் விழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்குமேல் வேண்டாம். தேனைத் தேடி நேரத்தை விடாதீர்கள்.

சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து இறுக்கித் துளையிடும். ஸ்லைம் செய்யப் பலர் கலக்கும் போராக்ஸ் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. மிச்சமிருக்கும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், கழிப்பறைத் தாள் சுருளின் அட்டைக் குழலுக்குள் நுழையும் எந்தத் துண்டையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். நஞ்சு பற்றிய ஐயத்துக்குத் தேசிய நச்சு மையம் நம் பினாங்குத் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவர்கள் தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்கள். எண்ணை இன்றே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

நீங்களே சேர்த்துச் செய்யும்படி பெட்டியாக விற்பதும், பிள்ளைகள் விளையாடத்தான் என்றால், பொம்மையே. முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வாங்கியது பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால் அமைச்சில் புகார் செய்யலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, மூன்று ஆண்டுகளுக்குள், 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் அந்த இழப்பீட்டைத் தீர்ப்பாயம் விசாரிக்காது, சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைய வேண்டாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பழுதுள்ள பொருளுக்கு இறக்குமதியாளரையும் பொறுப்பாக்குகிறது. ஆகவே தயாரித்தவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். உடைந்த துண்டு, பெட்டி, ரசீது எதையும் வீசாதீர்கள். தமிழிலேயே விளக்கம் வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

பிள்ளை செய்த பொம்மை அழகாக வந்துவிட்டால் தீபாவளிச் சந்தையில் விற்கத் தோன்றும். விற்கும் அன்றே நீங்கள் சட்டத்தின் கண்ணில் விநியோகிப்பவர். பாதுகாப்புத் தரத்தை மீறும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். மேசை போடுமுன் அமைச்சின் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.