நார்க்கழிவைக் கழுவினால் மட்டும் போதாது

பசுமைக்குடிலில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் தக்காளி, குடைமிளகாய் வைக்கப் போகிறீர்களா? மண்ணில்லா சாகுபடிக்கான இந்தப் பொருள் பொள்ளாச்சி வட்டார நார் மில்களில் கட்டிகளாகி வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. நமக்கோ டிராக்டரில் வந்து இறங்கும் தூரம். பக்கத்தில் கிடைக்கிறதே என்று அப்படியே பையில் நிரப்புவதில்தான் சிக்கல்.

நட்ட சில வாரங்களில் குருத்து இலைகளின் ஓரம் கருகும். பிறகு முதல் கொத்துத் தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழியும். நோய் என்று நினைத்துப் பலர் பூஞ்சாணக்கொல்லி தெளிக்கிறார்கள். பணம்தான் வீண், இது கால்சியம் பற்றாக்குறை.

உரத்தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டைச் சரியாகக் கலந்தும் இது ஏன் வருகிறது? தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். நார்க்கழிவுத் துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் இவை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் கரைந்து நிற்கும் உப்பு போகும், ஒட்டியிருப்பது போகாது. ஈ.சி. மீட்டர் 0.5க்குக் கீழே காட்டும். நாமும் திருப்தி அடைந்துவிடுவோம். ஆனால் மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ளதை மட்டுமே அளக்கிறது.

உரக்கரைசல் சொட்டத் தொடங்கியதும் பையில் பண்டமாற்று நடக்கிறது. கால்சியத்துக்கு இரட்டை நேர் மின்னூட்டம். துகள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு சோடியத்தையோ பொட்டாசியத்தையோ விடுகிறது. மக்னீசியத்துக்கும் இதே கதி. வெளிவந்த பொட்டாசியம் வேரில் கால்சியத்தோடு போட்டிக்கும் நிற்கிறது. பழைய இலைக்குப் போன கால்சியம் குருத்துக்கோ காய்க்கோ திரும்பி வராது என்பதால் பாதிப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

இந்தப் பண்டமாற்றை நடவுக்கு முன்பே முடித்துவிடுவதுதான் வழி. நார்க்கழிவைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, மீண்டும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். 1 கன மீட்டருக்கு 10 கிலோ அளவில் போடுவது வழக்கம். சரக்கைப் பொறுத்து மாறும். உப்பு போர்வெல் தண்ணீரில் அலசினால் சோடியம் மறுபடி ஏறிவிடும். மழைநீர் சேமித்திருந்தால் இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வாங்கும்போது ‘வாஷ்டு’ சரக்கா, ‘பஃபர்டு’ சரக்கா என்று கேளுங்கள். கால்சியம் ஏற்றியது இரண்டாவதுதான். விலை கூடுதல், முதல் கொத்துக் காய் தப்பினால் அது பெரிய செலவல்ல. யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மட்கவைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழக முறை வயலுக்கு உரம் தயாரிப்பதற்கானது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அலசிய பழுப்புத் தண்ணீரில் உப்போடு நைட்ரேட்டும் இருக்கும். நார் தொழிற்சாலைகளை 2021ல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வெள்ளைப் பட்டியலில் இருந்து ஆரஞ்சுக்கு மாற்றியதை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அந்தத் தண்ணீரைக் கிணற்றோரம் விடாதீர்கள்.