குழந்தையின் குருதி சொல்வது என்ன?

எச்.ஐ.வி. தொற்றுடைய தாய்க்குப் பிறந்த குழந்தையின் குருதியை, வழக்கமான எதிர்ப்பொருள் சோதனைக்கு உட்படுத்தினால், தொற்று இருப்பதாகவே முடிவு வரும். குழந்தைக்குத் தொற்றே இல்லாதபோதும் அவ்வாறே வரும். இம்முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு பச்சிளங்குழந்தையை ஒதுக்கிவிடும் பிழையை நாம் செய்யாதிருக்க, இதன் காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள், கிருமியை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமாகும். கருக்காலத்தின் இறுதி மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சேயை மிகுதியாகச் சென்றடைகின்றன. தட்டம்மைக்கு எதிரான காப்பு வரும் அதே வழியில்தான் எச்.ஐ.வி.க்கு எதிரானவையும் வருகின்றன. அவை படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலும் 18 மாதங்களுக்குள் மறைகின்றன. எனவே அவ்வயதுக்கு முன்னர், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். போன்ற சோதனைதான் தொற்றை உறுதிசெய்ய வல்லது.

18 மாதங்கள் காத்திருப்பதும் தகாது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008இல் வெளியான 'செர்' ஆய்வில், தொற்றுடைய குழந்தைகளுக்குப் பிறந்து 12 வாரங்களுக்குள் மருந்து தொடங்கியபோது, சிகிச்சையைத் தாமதித்த பிரிவைவிட இறப்பு 76 விழுக்காடு குறைந்தது.

தொற்றுற்ற குழந்தைகளிடம் வேறொரு முரணையும் காண்கிறோம். அவர்களது குருதியில் எதிர்ப்பொருள்களின் மொத்த அளவு பல வேளைகளில் இயல்பைவிட மிகுந்திருக்கும். ஆயினும் நோய்கள் அவர்களை எளிதில் தாக்குகின்றன. எதிர்ப்பொருளை ஆக்கும் பி அணுக்களுக்குத் துணைநின்று நெறிப்படுத்துபவை சி.டி.4 அணுக்கள். எச்.ஐ.வி. அழிப்பது இவற்றையே. ஓயாத தூண்டலால் பி அணுக்கள் இலக்கின்றி எதிர்ப்பொருளைப் பெருக்குகின்றன. குறிப்பிட்ட கிருமியை வெல்லும் தரமானவையோ குறைந்துபோகின்றன. தடுப்பூசியின் பயனும் நிலைப்பதில்லை. இதனாலேயே இக்குழந்தைகளுக்கு 6 மாதத்திலேயே தட்டம்மைத் தடுப்பூசியின் கூடுதல் தவணையையும், கூட்டு மருந்துகளால் எதிர்ப்பாற்றல் மீண்ட பின்னர் மற்றொரு தவணையையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

எதிர்ப்பொருள் இல்லை என்பதும் நலத்துக்குச் சான்றாகாது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கிற்று. ஏறத்தாழ 18 மாதங்களுக்குப் பின் மருந்து நின்றது. அதன்பின் எதிர்ப்பொருளும் தென்படவில்லை, வைரஸும் பெருகவில்லை. குணமாயிற்று என்றே பலரும் நம்பினர். ஆனால் மருந்தின்றி 27 மாதங்கள் கழிந்தபின், 2014இல் வைரஸ் மீண்டும் தலைதூக்கிற்று. அது சில அணுக்களுள் உறங்கிக் கிடந்திருக்கிறது.

ஆக, எதிர்ப்பொருளின் இருப்பு நோயை உறுதிசெய்வதில்லை. அதன் மிகுதி காப்பளிப்பதில்லை. அதன் இன்மை குணத்தைக் காட்டுவதுமில்லை. ஒரு சோதனைத்தாளின் ஒற்றைச் சொல்லைக் கொண்டு குழந்தையின் வாழ்வைத் தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை. உரிய காலத்தில் உரிய சோதனை செய்வதும், தொற்று உறுதியானால் மருந்தை இடைவிடாது தருவதும், இரு நிலையிலும் குழந்தையை அரவணைத்து வளர்ப்பதுமே நம் கடமை.